வரைபை ஆங்கிலத்தில் விவரிப்பது எப்படி?

ஆங்கிலப் பரீட்சையில் வரைபை விவரிக்கும் கேள்வி வந்தால் பலர் செய்வது ஒன்றுதான். இடப்பக்கத்து முதல் நிரலில் தொடங்கி வலப்பக்கத்துக் கடைசி நிரல் வரை ஒவ்வோர் எண்ணையும் எடுத்தெழுதிவிடுகிறார்கள். வினாத்தாளில் ஏற்கெனவே இருக்கும் எண்களை விடைத்தாளுக்கு இடம்மாற்ற ஆங்கிலமே தேவையில்லை. வரைபைப் பார்க்காத ஒருவருக்கு அதன் வடிவம் விளங்க வேண்டும். கேள்வி கேட்பது அதைத்தான்.

இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை உதாரணமாக எடுப்போம். 2018 இல் 2,333,796 பேர். 2019 இல் 1,913,702. 2020 இல் 507,704. 2021 இல் 194,495. 2022 இல் 719,978. 2023 இல் 1,487,303. 2024 இல் 2,053,465. இவற்றை ஏழு நிரல்களாக மனதில் கீறிக்கொள்ளுங்கள். பேனையை எடுக்கமுன் ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். ஒரு பள்ளத்தாக்கு தெரிகிறதல்லவா? 2021 வரை இறக்கம், பிறகு ஏற்றம். ஏறியும் 2018 இன் உயரத்தைத் தொடவில்லை. முதல் வசனத்தில் வரைபு எதைப் பற்றியது, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். இரண்டாவது வசனத்தை ‘ஓவரோல்’ என்று தொடங்கி, அந்தப் பள்ளத்தாக்கை மட்டும் சொல்லுங்கள். அதில் தொகை எதுவும் வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் தொகைகள். ஏழும் தேவையில்லை. ஆகக் கூடியது, ஆகக் குறைந்தது, கடைசியானது ஆகிய மூன்றும் போதும். அவற்றையும் ‘அபவுட் 2.3 மில்லியன்’ என்பதுபோல் சுருக்கி எழுதலாம். மற்றவற்றை ஒப்பிடுங்கள். 2020 இன் தொகை முந்திய ஆண்டின் கால்பங்கை விடச் சற்றே அதிகம். 2021 இல் வந்தவர்கள் 2018 இல் வந்தவர்களில் பத்திலொரு பங்குகூட இல்லை. 2023 இன் தொகை முந்திய ஆண்டின் இருமடங்கையும் தாண்டியது. இப்படிக் கணக்குப் பார்த்து எழுதிய வசனம் ஒன்று, பார்த்தெழுதிய ஐந்து வசனங்களுக்குச் சமம் என்பது என் எண்ணம்.

புள்ளி பறிபோவது பெரும்பாலும் சின்னச் சொற்களில். ‘பை’, ‘டு’ இரண்டையும் பிரித்தறிய எங்கள் தமிழே உதவும். 2019 இல் எண்ணிக்கை சுமார் 4 இலட்சத்தால் குறைந்தது; சுமார் 19 இலட்சமாகக் குறைந்தது. ‘ஆல்’ வரும் இடத்தில் ‘பை’, ‘ஆக’ வரும் இடத்தில் ‘டு’. மாற்றிப் போட்டால் அந்த வருடம் வந்தவர்களே 4 இலட்சம் பேர்தான் என்றாகிவிடும். ஆண்டுகள் கடந்துபோனவை என்பதால் ‘ஃபோல்’, ‘ரைஸ்’ அல்ல, ‘ஃபெல்’, ‘ரோஸ்’. ‘ஷார்ப்லி’ என்ற சொல்லையும் கண்ட இடத்தில் தூவ வேண்டாம். 2020 இன் வீழ்ச்சிக்கு அது பொருந்தும். 2019 இன் வீழ்ச்சிக்கும் அதையே போட்டால் 2020 க்கு எழுத என்ன மிஞ்சும்?

இன்னொரு விடயம். 2019 இன் நிரல் ஏன் குறைந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஏப்ரல் மாதத்தில் எனக்குப் பதினொரு வயது. அதன் பிறகு பஸ்ஸிலும் கடையிலும் எங்கள் உம்மாமார் பட்டதைக் கூடவே நின்று பார்த்தவர்கள் நாங்கள். எழுத எத்தனையோ இருக்கிறது. ஆனால் வரைபில் இருப்பது எண்ணிக்கை மட்டும். ஈஸ்டர் தாக்குதல், கொரோனா, 2022 இன் பெற்றோல் வரிசை என்று காரணங்களுக்குள் இறங்கினால் எழுத வேண்டிய 100 சொற்களும் அதிலேயே முடிந்துவிடும். கேள்வி காரணம் கேட்டால் எழுதுங்கள். கேட்காவிட்டால், அதை இந்தச் சஞ்சிகைக்கு ஒரு கட்டுரையாகத் தாருங்கள். முதல் ஆளாக நான் வாசிப்பேன்.

பெற்றோரே, ஆங்கிலம் தெரியாது என்று நீங்கள் ஒதுங்க வேண்டாம். பத்திரிகையில் வரும் வரைபு ஒன்றை மகளின் கையில் கொடுங்கள். நீங்கள் அதைப் பார்க்காமல், அவளைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கேட்கக் கேட்க ஒரு துண்டுக் கடதாசியில் கீறுங்கள். நீங்கள் கீறியதும் பத்திரிகையில் உள்ளதும் ஒத்துப்போனால் மகள் ஆங்கிலத்தில் எழுத ஆரம்பிக்கலாம். ஒத்துப்போகாவிட்டால், எந்த வசனத்தில் கோடு வேறு பக்கம் போனது என்று இருவருமாகத் தேடுங்கள்.