பேட்ச் போடுவதற்கும் ஒரு வரிசை உண்டு

ஆண்டிபட்டி, சக்கம்பட்டிப் பக்கம் பல வீடுகளில் இன்னும் ஒரு அரசு லேப்டாப் இருக்கிறது. 2011-இல் பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கும் திட்டம் தொடங்கிய பிறகு வந்தவை. படித்த பிள்ளை திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ வேலைக்குப் போய்விட்டது. லேப்டாப் பீரோ மேல் ஏறிவிட்டது. ரேம் குறைவு, தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. இன்றைய விளையாட்டு எதுவும் அதில் ஓடாது. ஆனால் 1998 முதல் 2003 வரை வந்த போர் விளையாட்டுகளுக்கு அதன் சக்தி தாராளம். கமாண்டோஸ், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, ஐஜிஐ, மெடல் ஆஃப் ஹானர், கால் ஆஃப் டியூட்டி முதல் பாகம், ஜெனரல்ஸ் ஸீரோ ஹவர் என்று ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் காசு கட்டி ஆடியவை எல்லாம் அதில் ஓடும்.

ஓடும்தான், ஆனால் போட்டவுடன் ஓடாது. அவை விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்துக்காக எழுதப்பட்டவை. எழுதிய கம்பெனிகளில் சில இன்று இல்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டுடியோஸ் 2009-இல் மூடப்பட்டது. அதன்பின் இந்த விளையாட்டுகளைப் பழுது பார்த்துத் தந்தவர்கள் பெரும்பாலும் ரசிகர்கள். சம்பளம் இல்லாமல், ராத்திரி கண்விழித்துச் செய்தவர்கள். பழுதை நீக்குவது பேட்ச். புதுப் படைகள், புது நாடுகள், புது வரைபடங்கள் சேர்ப்பது மோட். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து பிழைக்கிற எனக்கு இந்த வேலை தொழிலைவிடப் பிடித்தது. பல வருடமாக நம்மூர்ப் பையன்களின் லேப்டாப்களில் இவற்றைப் போட்டுத் தந்ததில் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

கையில் இருப்பது எந்தக் காப்பி?

பேட்ச் என்பது விளையாட்டின் முதன்மை ஃபைலில் குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் குறிப்பிட்ட பைட்களை மாற்றுவது. அந்த இடத்தில் எழுதியவர் எதிர்பார்த்தது இருந்தால்தான் வேலை நடக்கும். பென்டிரைவ் வழியாக ஊர் ஊராகச் சுற்றிய காப்பிகளில் முதன்மை ஃபைல் ஏற்கெனவே யாராலோ மாற்றப்பட்டிருக்கும். அளவைக் குறைக்க இசையையும் வீடியோவையும் வெட்டியிருப்பார்கள். அதன்மேல் போடும் பேட்ச் பாதியில் நிற்கும். இல்லையென்றால் மூன்றாவது மிஷனில் விளையாட்டு மூடிக்கொள்ளும். குற்றம் பேட்ச் மேல் விழும்.

அதனால் விலைக்கு வாங்குங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஜிஓஜி, ஸ்டீம் போன்ற தளங்களில் தள்ளுபடிக் காலத்தில் இந்தப் பழைய விளையாட்டுகளில் பல மிகக் குறைந்த விலைக்கு வரும். கமாண்டோஸ், ஐஜிஐ, மெடல் ஆஃப் ஹானர் ஜிஓஜியில் இருக்கின்றன. அசல் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல். அன்றைய பல டிஸ்க்குகள் சேஃப்டிஸ்க் என்ற பூட்டோடு வந்தன. பாதுகாப்பில் ஓட்டை என்று மைக்ரோசாஃப்ட் அந்தப் பூட்டுக்கான டிரைவரை 2015-இல் விண்டோஸ் 10-இலிருந்து எடுத்துவிட்டது. டிஸ்க் நன்றாகவே இருக்கும், விளையாட்டு மட்டும் திறக்காது. அப்படி இருந்தால் டிரைவைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எங்கே போடுவது?

இன்ஸ்டால் செய்யும்போது ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டரை அதுவாகவே காட்டும். அதை ஏற்காதீர்கள். விஸ்டாவிலிருந்து அந்த ஃபோல்டருக்குக் காவல் உண்டு. பழைய விளையாட்டு அங்கே எதையாவது எழுதப் போனால், விண்டோஸ் சத்தமில்லாமல் அதை வர்ச்சுவல்ஸ்டோர் என்ற வேறொரு மறைவான ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். நீங்கள் மோட் ஃபைலை ஓரிடத்தில் மாற்றுவீர்கள், விளையாட்டு இன்னோரிடத்தில் இருந்து படிக்கும். ‘மோட் போட்டேன், ஒண்ணும் மாறலை’ என்று வருகிற லேப்டாப்களில் நான் முதலில் திறந்து பார்ப்பது இதைத்தான். டி டிரைவில் கேம்ஸ் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு ஃபோல்டர். பெயர் சின்னதாக, இடைவெளி இல்லாமல் இருக்கட்டும்.

இன்ஸ்டால் முடிந்து, விளையாட்டு ஒருமுறை திறந்து மூடியதும், அந்த ஃபோல்டர் முழுவதையும் காப்பி எடுத்துத் தனியாக வையுங்கள். இதுதான் சுத்தமான காப்பி. இதன்மேல் எதையும் போடக் கூடாது. மோட் ஒத்துவரவில்லை என்றால், கெட்டுப்போன ஃபோல்டரை அழித்துவிட்டு இதிலிருந்து இன்னொரு காப்பி எடுத்தால் போதும். இந்த விளையாட்டுகள் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு ஜிபிதான். இடத்துக்குக் கஞ்சப்பட வேண்டியதில்லை.

எதன்மேல் எது?

நம்மூரில் தறி பார்க்காமல் வளர்ந்தவர் குறைவு. பாவு ஓட்டி முடிக்காமல் ஊடை நூலைக் கையில் எடுக்க முடியாது. பேட்ச், மோட் கணக்கும் அதே வரிசைதான். முதலில் மூல விளையாட்டு. அதன்மேல் அதன் விரிவாக்கம். அதன்மேல் கம்பெனி வெளியிட்ட கடைசிப் பேட்ச். அதன்மேல் ரசிகர்களின் பேட்ச். எல்லாவற்றுக்கும் மேலே மோட்.

ஸீரோ ஹவரை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஜெனரல்ஸ், மேலே ஸீரோ ஹவர், பிறகு கம்பெனியின் 1.04 பேட்ச், பிறகு ரசிகர்களின் ஜென்டூல், கடைசியில் ஷாக்வேவ், ரைஸ் ஆஃப் த ரெட்ஸ் போன்ற ஒரு மோட். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்றால் 1999-இன் ஏஜ் ஆஃப் கிங்ஸ், 2000-இன் கான்கரர்ஸ், 1.0சி பேட்ச், பிறகு ரசிகர்களின் யூசர்பேட்ச். ஒவ்வொரு படி முடிந்ததும் விளையாட்டைத் திறந்து ஐந்து நிமிடம் ஆடிப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். நான்கையும் மொத்தமாகப் போட்டுவிட்டுத் திறந்தால், எது தகராறு செய்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

மோட்களோடு வரும் ரீட்மீ ஃபைலை முழுக்கப் படியுங்கள். எந்தப் பதிப்புக்கு எழுதியது, எந்த மோடோடு சேராது என்று எழுதியவரே அதில் சொல்லியிருப்பார். நிறைய சிக்கலுக்கு விடை அந்த ஒரு பக்கத்திலேயே இருக்கும்.

நிறம், திரை, வேகம்

‘அண்ணே, புல்லு பூரா ஊதாவாத் தெரியுது, தண்ணி செவப்பா இருக்கு. லேப்டாப்பு போயிருச்சா?’ என்று ஒரு தம்பி பதறிப் போய்க் கேட்டான். லேப்டாப்புக்கு ஒன்றுமில்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 மொத்தம் 256 நிறங்கள் கொண்ட ஒரு பட்டியலை வைத்து வரைகிறது. விண்டோஸ் 7 திரைக்குப் பின்னால் தன் நிறங்களையும் அதே பட்டியலில் நுழைக்கும்போது எல்லாம் இடம் மாறிவிடுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு விளையாட்டைத் தொடங்கினால் நிறம் சரியாகும். ஆடி முடித்ததும் எக்ஸ்ப்ளோரரை மறுபடி ஓடவிட வேண்டும். இது அவசரத்துக்குத்தான். யூசர்பேட்ச் போட்டால் இந்தச் சிக்கல் நிரந்தரமாகத் தீரும். 1366-க்கு 768 என்ற நம் லேப்டாப் திரை முழுவதையும் அது நிரப்பும். ஆட்கள் குண்டாக இழுபட்டுத் தெரிய மாட்டார்கள்.

ரெட் அலெர்ட் 2 போன்றவற்றுக்கு சிஎன்சி-டிடிரா என்ற சின்னப் பொதி இருக்கிறது. ஃபைல்களை விளையாட்டின் ஃபோல்டரில் போட்டால் போதும்: பழைய விளையாட்டு தன் காலத்து மொழியில் கேட்பதை வாங்கி, இன்றைய விண்டோஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். முப்பரிமாண விளையாட்டுகளுக்கு டிஜிவூடூ2 அதே வேலையைச் செய்கிறது.

விண்டோஸ் 8-இலும் அதன் பிறகு வந்தவற்றிலும் இன்னொன்று. டைரக்ட்பிளே என்ற பழைய பகுதி அணைந்தே வரும். கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலைத் திறந்து, லெகசி காம்பொனென்ட்ஸ் என்பதற்குக் கீழே அதை டிக் செய்ய வேண்டும். டிஸ்க்கில் வந்த ஸீரோ ஹவர் திறந்தவுடன் மூடிக்கொண்டால், டாக்குமென்ட்ஸில் அதன் ஃபோல்டருக்குள் ஆப்ஷன்ஸ் என்ற ஐஎன்ஐ ஃபைல் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் நோட்பேடில் நாமே எழுதி வைத்தால் திறந்துவிடும். கமாண்டோஸில் ஆட்கள் கண்மூடித் திறப்பதற்குள் ஓடினால் பிராசஸர் வேகமாக இருக்கிறது என்று பொருள். ஃபிரேம் வேகத்துக்குக் கட்டுப்பாடு போட வேண்டும்.

பெயரில் இருக்கிறது சூட்சுமம்

மோட் எப்படி மூல விளையாட்டை மீறுகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். மெடல் ஆஃப் ஹானரும் கால் ஆஃப் டியூட்டி முதல் பாகமும் பிகே3 என்ற ஃபைல்களைப் படிக்கின்றன. உள்ளே பார்த்தால் அது சாதாரண ஜிப்தான். மெயின் ஃபோல்டரில் இருப்பவற்றை அகர வரிசையில் படித்துக்கொண்டே போகும். ஒரே பொருள் இரண்டில் இருந்தால் கடைசியாகப் படித்ததே செல்லும். அதனால்தான் மோட் ஃபைல்களின் பெயர் ஆங்கிலத்தின் கடைசி எழுத்தான இஸட்டில் தொடங்குகிறது. ஸீரோ ஹவரின் பிக் ஃபைல்களில் கணக்கு நேர்மாறு: முதலில் படித்தது செல்லும். அங்கே மோட்களின் பெயர் முன்னால் ஆச்சரியக்குறி நிற்கும். ‘அழகாக இருக்கட்டும்’ என்று பெயரை மாற்றினால் மோட் செத்துவிடும்.

இரண்டு மோட்களை ஒன்றாகப் போட நினைக்கும்போதும் இதே கேள்விதான். இரண்டும் ஒரே ஃபைலைத் தொடுகின்றனவா? தொடாவிட்டால் சேர்ந்து வாழும். தொட்டால் ஒன்று மற்றொன்றை அழிக்கும். ஒவ்வொரு மோடுக்கும் தனி ஃபோல்டர் காப்பி வைத்துக்கொள்வதே நிம்மதி. பழைய சேவ் கேம்களையும் தனியே எடுத்து வையுங்கள். மோட் மாறினால் பெரும்பாலும் அவை திறக்காது.

நான்கு பேர் சேர்ந்து ஆட

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் நான்கு லேப்டாப் சேரும்போது, படைவீரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்வதில்லை. யார் என்ன கட்டளை கொடுத்தார் என்பது மட்டும் போகும். போரை ஒவ்வொரு லேப்டாப்பும் தானே கணக்குப் போட்டு நடத்தும். மெதுவான டயல்-அப் இணைப்பிலும் ஆயிரத்துக்கு மேல் வில்லாளிகளை ஓடவிட வேண்டும் என்று செய்த ஏற்பாடு அது. மார்க் டெரானோவும் பால் பெட்னரும் 2001-இல் இதை விளக்கிக் கட்டுரையே எழுதினார்கள். ஒரு லேப்டாப்பில் மட்டும் மோட் வேறாக இருந்தால் ஒரு வில்லாளியின் பலம் மாறும், கணக்குப் பிசகும், ஆட்டம் நின்றுவிடும். ஆகவே ஒரே பென்டிரைவிலிருந்து ஒரே ஃபோல்டரை நால்வரும் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இணைக்க ஒரு போனின் ஹாட்ஸ்பாட் போதும். பெரும்பாலான போன்களில் இது வேலை செய்கிறது. லேப்டாப்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு டேட்டா செலவாகாது. ஃபயர்வால் கேட்கும்போது அனுமதி கொடுக்க மறக்க வேண்டாம்.

கரண்ட், டேட்டா, வைரஸ்

அரசு லேப்டாப்களில் பலவற்றுக்கு பேட்டரி உயிர் போய்விட்டது. சார்ஜரைப் பிடுங்கினால் அணையும். பேட்ச் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் பாதியில் நிற்கும். மின்தடை நாளில் இந்த வேலையை வைக்காதீர்கள். யுபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் உள்ள இடத்தில் செய்யுங்கள்.

பெரிய மோட்களை போன் டேட்டாவில் இறக்குவோர் விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோடு மேனேஜர் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும், எழுதியவர் கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள். 7-ஜிப் போட்டிருந்தால் ரைட் கிளிக் மெனுவிலேயே அந்த எண் கிடைக்கும். ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி இறக்க வேண்டியதுதான்.

பேட்ச்கள் வேறொரு ப்ரோக்ராமை மாற்றுவதால் ஆன்டிவைரஸ் சில நேரம் தவறாகவே கத்தும். அதற்காக ஆன்டிவைரஸை அணைத்துவிடக் கூடாது. எழுதியவரின் சொந்தப் பக்கத்திலிருந்தே எடுங்கள், வைரஸ்டோட்டலில் சோதியுங்கள், அதன்பின் அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

இந்த வேலைக்கு மதிப்பு உண்டு

‘பழைய கேமுக்கு இவ்வளவு பாடா?’ என்று கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்வது ஒரு உண்மைக் கதை. 2012 கடைசியில் பெர்ட் பீக்மன் உள்ளிட்ட ரசிகர்கள் சிலர் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்ற இலவச மோடை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அது அதிகாரபூர்வ விரிவாக்கமாக விலைக்கு வந்தது. மோடை உருவாக்கியவர்கள் அதே பெயரில் நிறுவனமானார்கள். 2019-இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனை உருவாக்கியதில் முக்கியப் பங்கு அவர்களுடையது. 2022 ஏப்ரலில் அவர்கள் தந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா விரிவாக்கத்தில் திராவிடர் என்றொரு அணி வந்தது. சுருள்வாள் வீரன், திரிசடை என்ற போர்க்கப்பல், ராஜேந்திர சோழனின் படையெடுப்பு எல்லாம் அதில் உண்டு. அந்த அணியின் ஆட்கள் தமிழ் பேசுகிறார்கள்.

அந்த வேலையெல்லாம் ரசிகர்களின் மோடில் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் ஜெனரல்ஸ், ஸீரோ ஹவர் இரண்டின் மூலநிரலையும் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் பொது உரிமத்தில் திறந்துவிட்டது. இனி யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பழுது பார்க்கலாம். ஆண்டிபட்டிப் பிள்ளைக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

அதனால் மோட் போட வரும் ஒவ்வொரு தம்பிக்கும் ஒரு வேலை கொடுக்கிறேன். விளையாட்டு ஓடியதும், என்னென்ன எந்த வரிசையில் போட்டாய், எது தடுத்தது, எப்படிச் சரியாயிற்று என்று தமிழில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் எழுது. பேட்ச் எழுதியவரின் பெயரை மேலே போடு. சுத்தமான காப்பியோடு சேர்த்து வை. நல்ல ரீட்மீ எழுதத் தெரிந்தவன் அடுத்து மோட் எழுதவும் கற்றுக்கொள்வான்.