ஒரு சொல்லுக்கு அஞ்சிய வீரன்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

ஒரு நாட்டு மக்களின் உள்ளத்தை அறிய வேண்டுமானால் அவர்கள் வழங்கும் சொற்களை அறிய வேண்டும். கோடை விடுமுறையில் நான் படித்த ஒரு நாவல் இவ்வுண்மையை எனக்கு நன்கு உணர்த்தியது. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி ஆங்கிலத்தில் எழுதி, 1958-ஆம் ஆண்டில் வெளிவந்த 'திங்ஸ் ஃபால் அபார்ட்' என்பதே அந்நாவல். தமிழில் இது 'சிதைவுகள்' என்னும் பெயரில் வந்துள்ளது.

அச்சிபி 1930-ஆம் ஆண்டு ஒகிடி என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் கிறிஸ்தவ மறைப்பணியில் ஈடுபட்டவர். ஜெபமும் வேத வாசிப்பும் நிறைந்த இல்லத்தில் வளர்ந்த அவர், தம் முன்னோரின் பழைய வாழ்க்கையை வெறுக்காமலும் அதன் குறைகளை மறைக்காமலும் எழுதியிருக்கிறார். 2013-ஆம் ஆண்டில் அவர் காலமானார். இந்நாவலில் வரும் மாந்தர், வழக்கங்கள், சொற்கள் ஆகியவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கதை நிகழும் ஊர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி. ஆங்கிலேயர் ஆட்சி உள்நாட்டுக் கிராமங்களை எட்டத் தொடங்கிய காலம். இக்போ இன மக்கள் வாழும் உமுவோஃபியா என்பது ஒன்பது சிற்றூர்கள் சேர்ந்த ஊர். அங்கே அரசன் இல்லை. பெரியவர்கள் கூடிப் பேசியே முடிவெடுப்பார்கள். வழக்குகளைத் தீர்க்க 'எக்வுக்வு' வருவார்கள். இவர்கள் முகமூடி அணிந்து, முன்னோரின் ஆவிகளாக வந்து அமரும் ஊர்ப் பெரியவர்களே. இக்போ மக்களின் வாரத்திற்கு நான்கே நாட்கள். சந்தை கூடுவதும் அந்நாட்களை ஒட்டியே.

விருந்தினர் வந்தால் கோலாக் கொட்டையை உடைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். நம் வீடுகளில் வெற்றிலைத் தட்டை நீட்டுவது போன்ற மரியாதை அது. காவள்ளிக் கிழங்கு இனத்தைச் சேர்ந்த யாம் கிழங்கே அவர்களுடைய முதன்மையான உணவு. அது ஆண்களின் பயிர். சேப்பங்கிழங்கு வகை, அவரை, மரவள்ளி ஆகியவை பெண்களின் பயிர்கள். புது யாம் அறுவடையானதும் பழையதை அகற்றிப் பாத்திரங்களைக் கழுவி விழா எடுப்பார்கள். விதைப்புக்கு முன் 'அமைதி வாரம்' வரும். பூமித் தாயாகிய 'ஆனி' தெய்வத்திற்காக அவ்வாரத்தில் ஒருவரும் சுடுசொல் பேசலாகாது.

ஒவ்வொருவருக்கும் 'சி' என்னும் தனித் தெய்வம் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. பிறந்து பிறந்து இறந்து, மீண்டும் அதே தாயின் வயிற்றில் வந்து பிறக்கும் குழந்தைக்கு 'ஒக்பாஞ்சே' என்று பெயர்.

அந்த ஒரு சொல்

கதைத் தலைவன் ஒகோங்க்வோ. ஏழாண்டுகள் எவரிடமும் தோற்காத மல்லன் ஒருவனைத் தன் பதினெட்டாம் வயதில் வீழ்த்தியவன். அவன் தந்தை உனோகாவோ புல்லாங்குழல் ஊதுவதில் வல்லவர், ஆனால் கடனாளி. சிறு வயதில் விளையாட்டுத் தோழன் ஒருவன், "உன் அப்பா ஓர் அக்பாலா" என்று கேலி செய்கிறான். 'அக்பாலா' என்றால் பெண். ஊரில் ஒரு பட்டமும் பெறாத ஆணையும் அச்சொல்லாலேயே குறிப்பார்கள் என்பதை அன்றுதான் ஒகோங்க்வோ அறிகிறான். அந்த அவமானம் அவன் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிடுகிறது. தந்தையிடம் இருந்தவை எல்லாவற்றையும், மென்மையையும் இசையையும்கூட, அவன் வெறுக்கிறான். புலியையும் போரையும் கண்டு அஞ்சாதவன் ஒரு சொல்லைக் கண்டு வாழ்நாள் முழுதும் அஞ்சுகிறான்!

அமைதி வாரம் என்பதையும் மறந்து தன் இளைய மனைவியை அடித்து, பூமித் தெய்வத்தின் பூசாரியிடம் தண்டனை பெறுகிறான். அதைவிடக் கொடியது இகெமெஃபுனாவுக்கு நேர்ந்த கதி. அயலூரார் செய்த ஒரு கொலைக்கு ஈடாக அளிக்கப்பட்ட அச்சிறுவன், மூன்றாண்டுகள் ஒகோங்க்வோவின் வீட்டில் வளர்ந்து அவனை 'அப்பா' என்றே அழைத்தான். அவனைக் கொல்ல வேண்டும் என்று தெய்வ வாக்குப் பிறந்தபோது, "இதில் நீ கை வைக்காதே" என்று எசெயுடு என்னும் முதியவர் எச்சரித்தார். ஆயினும், காட்டில் முதல் வெட்டு விழுந்தவுடன் அடைக்கலம் தேடித் தன்னிடம் ஓடிவந்த சிறுவனை ஒகோங்க்வோ தானே வெட்டி வீழ்த்தினான். ஏன்? கோழை என்று எவரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே! இவ்விடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீண்டும் திறக்க முடிந்தது.

அவன் காணாத பொருள்

இங்கேதான் ஆசிரியர் நம்மைச் சிந்திக்க வைக்கிறார். ஊரார் எல்லாரும் அஞ்சி வணங்கிக் குறி கேட்கும் மலைக்குகைத் தெய்வத்தின் பெயர் என்ன தெரியுமா? அதுவும் அக்பாலாவே! அத்தெய்வத்தின் பூசாரியும் சியெலோ என்னும் பெண்தான். ஓர் இரவு அவள் ஒகோங்க்வோவின் செல்ல மகள் எசின்மாவைத் தூக்கிச் செல்ல வருகிறாள். எசின்மாவின் தாய் எக்வெஃபி பத்துப் பிள்ளைகளைப் பெற்று ஒன்பதைப் பறிகொடுத்தவள். அவள் இருளில் தனியே பின்தொடர்ந்து செல்கிறாள். மகளுக்காகக் கெஞ்சிய ஒகோங்க்வோவும், மனம் பொறாமல் அன்றிரவு நான்கு முறை குகை வரை நடக்கிறான். அவனுள்ளும் அன்பு இருந்தது. அதை வெளியில் காட்டத்தான் அஞ்சினான். எசின்மா ஆணாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று அவன் அடிக்கடி ஏங்குவதும் அவ்வச்சத்தினாலேயே.

பின்னர் ஒரு சாவுச் சடங்கில் அவன் துப்பாக்கி தவறுதலாக வெடித்து ஓர் இளைஞன் இறந்துபோகிறான். அறியாமல் செய்த கொலையை அவர்கள் 'பெண் குற்றம்' என்பர். அதற்குத் தண்டனை ஏழாண்டுகள் ஊரை விட்டு நீங்குதல். தாயின் ஊராகிய ம்பாண்டாவில் அவனுக்கு அடைக்கலம் கிடைக்கிறது. சோர்ந்து கிடந்தவனிடம் தாய்மாமன் உச்செண்டு, "நம் பெண்களுக்கு நெக்கா என்று பெயரிடுகிறோமே, ஏன்?" என்று கேட்கிறார். 'நெக்கா' என்றால் 'தாயே மேலானவள்' என்பது பொருள். ஒகோங்க்வோவுக்கு விடை தெரியவில்லை. வாழும்போது மனிதன் தந்தையின் ஊருக்கு உரியவன். துயரம் வந்தால் அவனைத் தாங்குவது தாயின் ஊரே என்று மாமன் விளக்குகிறார்.

புதிய சமயம்

அவன் அங்கிருந்தபோது மறைப்பணியாளர்கள் வருகிறார்கள். இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் விட்டுவிடுவது அவ்வூர் வழக்கம். நான்கு முறையும் இரட்டையரையே பெற்று அவர்களை இழந்த ஒரு பெண், ஐந்தாம் முறை கருவுற்றிருக்கும்போது திருச்சபையில் சேருகிறாள். அவ்வூரில் சேர்ந்த முதல் பெண் அவளே. அவள் பெயர் நெக்கா! தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட 'ஓசு' மக்களும் சேருகிறார்கள். ஒகோங்க்வோவின் மூத்த மகன் நுவோயே, காட்டில் அழும் சிசுக்களையும் இகெமெஃபுனாவையும் மறக்க முடியாதவன். அவன் மனத்தை வென்றது வாதமன்று, ஒரு ஞானப்பாடலே.

கன்னியர் மடப் பள்ளியில் படிக்கும் நான் இப்பகுதியை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால் ஆசிரியர் அத்துடன் நிறுத்தவில்லை. பிரௌன் என்னும் குருவானவர் ஊராரோடு பொறுமையாகப் பேசினார். பள்ளியும் சிறிய மருத்துவமனையும் அமைத்தார். அவருக்குப் பின் வந்த ஸ்மித் கடுமையானவர். அவர் காலத்தில் பகை மூண்டு ஆலயம் இடிக்கப்பட்டது. பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்த ஆங்கிலேய அதிகாரி, ஊர்த் தலைவர்கள் அறுவரைச் சிறையிலிட்டு அவமானப்படுத்தினார். விடுதலையான ஒகோங்க்வோ அரசாங்கத் தூதன் ஒருவனை வெட்டினான். ஊரார் தன்னோடு போருக்கு எழமாட்டார்கள் என்று கண்டதும் தன் உயிரையே மாய்த்துக்கொண்டான். அவர்கள் வழக்கப்படி அது பூமித் தாய்க்கு எதிரான குற்றம். ஆகவே அவன் உடலைச் சொந்த ஊரார் தொடவும் முடியவில்லை. அவ்வளவு பெரிய வாழ்க்கைக்குத் தான் எழுதப்போகும் புத்தகத்தில் ஒரு பத்தி போதும் என்று அதிகாரி எண்ணுவதுடன் நாவல் முடிகிறது.

முடிவுரை

ஒகோங்க்வோவின் வீழ்ச்சிக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் ஒரு காரணம். அவன் உள்ளத்தில் இருந்த அச்சம் மற்றொரு காரணம். அவனுடைய மொழியிலேயே, அவனுடைய ஊரிலேயே அதற்கு மருந்து இருந்தது. அக்பாலா என்னும் சொல்லில் அவன் இழிவை மட்டும் கேட்டான்; அதிலிருந்த தெய்வத்தைக் கேட்கவில்லை.

இந்நாவலைப் படித்த வாரத்தில் என் தம்பி கீழே விழுந்து முழங்காலில் அடிபட்டு அழுதான். "பொம்பளை மாதிரி அழாதே" என்று அவனை அதட்டினேன். சொன்ன பிறகுதான் திடுக்கிட்டேன். பெண்ணாகிய நானே அச்சொல்லை இழிவாகப் பயன்படுத்தினேன் அல்லவா? அவன் அருகில் அமர்ந்து காயத்தைக் கழுவினேன். அவன் அழுது முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை.

தோழியரே, நாம் அன்றாடம் வழங்கும் சொற்களைச் சற்றே நின்று கேட்போம்.