சாரல் காலத்தில் திணறும் பழைய டூ ஸ்ட்ரோக்: கார்புரேட்டரைத் திறக்கும் முன்

ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் பிடித்துவிட்டால், தென்காசிப் பக்கம் பழைய எக்ஸ்எல் சூப்பர், ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு உதைத்து உதைத்தே கால் வலிக்கும். பழி கார்புரேட்டர் மேல் விழும். பல நேரம் குற்றவாளி, பெட்ரோலில் கலந்த தண்ணீர்தான்.

செய்ய வேண்டியவை

• முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி பிடித்து நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம்: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், மிதவை ஊசி சரியாக மூடாமலிருக்கலாம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை.

• மிதவைக் கிண்ணத்துப் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். பங்க் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். தண்ணீர் தெரிந்தால் டேங்கையும் காலி செய்து, மூடியின் ரப்பர் வாஷரை மாற்றுங்கள்.

• எப்போது திணறுகிறது என்று கவனியுங்கள். ஐடிலில் நின்றால் ஸ்லோ ஜெட். புளியரை எஸ் வளைவு ஏற்றத்தில் முழுதாக முறுக்கியும் இழுக்காவிட்டால் மெயின் ஜெட். சோக் போட்டதும் சீரானால் ஜெட் அடைப்பையோ காற்றுக் கசிவையோ தேடுங்கள்.

• ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்ளுங்கள்.

• வண்டியை வாரக்கணக்கில் எடுக்காவிட்டால், பெட்ரோல் டேப்பை மூடி, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் ஆவியாகி, எக்ஸ்எல்லில் கலந்து ஊற்றிய ஆயில் பிசினாகி ஜெட்டை அடைக்கும்.

செய்யக்கூடாதவை

• ஜெட்டுக்குள் கம்பியோ ஊக்கோ விடாதீர்கள். பித்தளைத் துளை பெருத்தால் மைலேஜ் போகும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும்.

• ‘பிக்கப்’ கூடும் என்று ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். காற்று கூடிக் கலவை மெலிந்தால் எஞ்சின் சூடேறி பிஸ்டன் ஜாம் ஆகும்.

• எல்லா ஸ்க்ரூவையும் ஒரே மூச்சில் திருகாதீர்கள். ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்தது.

• சைலன்சர் சூட்டிலோ, பக்கத்தில் பீடி புகையும்போதோ பெட்ரோலை இறக்காதீர்கள்.

• வாட்டர் சர்வீஸில் கார்புரேட்டர், ஏர் ஃபில்டர் பக்கம் தண்ணீர் பீய்ச்ச விடாதீர்கள்.

இவ்வளவும் செய்த பின்பும் ஐடில் தாறுமாறாக ஏறி இறங்கினால், கிராங்க் ஆயில் சீல் வழியாகக் காற்று புகலாம். கார்புரேட்டரை மறுபடி பிரிக்காமல் மெக்கானிக்கிடம் விடுங்கள்.