ஒரே டப்பா மருந்து: ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் எதை வாங்குவது?

ஒரு .38 ஸ்பெஷல் ரிவால்வர், ஒரு 9 மி.மீ. பிஸ்டல், ஆசைப்பட்டு வாங்கிய .45 ஒன்று. அமெரிக்காவில் பொழுதுபோக்காகச் சுடுகிறவர்கள் பலரின் இரும்பு அலமாரியில் இந்த மூன்றும் இருக்கும். சுட்ட பித்தளைக் கூடுகளைச் சேர்த்துவைத்து வீட்டிலேயே ரீலோடிங் செய்யத் தொடங்குகிறவருக்கு முதலில் வரும் குழப்பம் வெடிமருந்து. கடையில் இருபது, முப்பது பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு டப்பா வாங்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் ஒன்றே போதுமா? மேலே சொன்ன மூன்றுக்கும் ஒன்று போதும். முழுவேக மேக்னம் தோட்டாக்களுக்கு மட்டும் போதாது. ஏன் என்பதையும், எந்த ஒன்று என்பதையும் பார்க்கலாம்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரை, சட்டப்படி இதைச் செய்ய முடிகிற இடத்தில் வசிப்பவர்களுக்கானது. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோடிங் செய்ய மத்திய அரசின் உரிமம் வேண்டியதில்லை. செய்ததை விற்கத் தொடங்கினால் வேண்டும். மாநிலச் சட்டம், ஊர்ச் சட்டம் இரண்டையும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

இனி விஷயத்துக்கு வருவோம். கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. .45 கோல்ட் 1873-இல் வந்தது. அது கருமருந்துக் காலம். நிறைய மருந்து கொள்ள வேண்டும் என்பதற்காகவே கூட்டை நீளமாக வைத்தார்கள். .38 ஸ்பெஷலின் நீண்ட கூடும் அந்த மரபில் வந்ததுதான். 9 மி.மீ. லூகர் 1902-இல் புகையில்லா மருந்துக்கென்றே உருவானது, அதனால் கூடு குட்டை, அழுத்தம் அதிகம். அமெரிக்கத் தொழில்துறை வரையறையின்படி .45 கோல்ட்டின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு, .38 ஸ்பெஷலுக்கு 17,000, .45 ஏ.சி.பி.க்கு 21,000. 9 மி.மீ.க்கோ 35,000. இந்த இடைவெளி முழுவதிலும் ஒழுங்காக எரிகிற மருந்தைத்தான் பல்துறை மருந்து என்கிறோம். மிக வேகமாக எரிவது 9 மி.மீ.இல் தேவையான வேகம் கிடைக்கும் முன்பே அழுத்தத்தின் எல்லையைத் தொட்டுவிடும். மெதுவாக எரிவது .38-இன் தாழ்ந்த அழுத்தத்தில் முழுதாக எரியாமல், குழலுக்குள் துகள்களை மிச்சம் வைக்கும். நமக்கு வேண்டியது நடுவில் இருக்கிறது.

எரிவேக அட்டவணை என்று ஒன்றை எல்லோரும் காட்டுவார்கள். வேகமானதிலிருந்து மெதுவானது வரை மருந்துகளை வரிசையாக அடுக்கியிருக்கும். கடையில் டப்பா தேட அது உதவும், அவ்வளவுதான். அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போடுவது துப்பாக்கியையும் விரல்களையும் பணயம் வைப்பது.

வேகமான பக்கத்திலிருந்து தொடங்குவோம். புல்ஸ்ஐ 1898-இல் வந்த மருந்து, இன்றும் விற்பனையில் இருக்கிறது. இலக்குச் சுடுதலுக்கு, குறிப்பாக மென்மையான .38 ஸ்பெஷலுக்கும் .45 ஏ.சி.பி.க்கும், இன்றும் பலர் இதைத்தான் நம்புகிறார்கள். கொஞ்சமே போதும் என்பதால் செலவும் குறைவு. ஹாஜ்டன் நிறுவனத்தின் டைட்குரூப் இதே குணமுள்ள புதிய தலைமுறை. கூட்டுக்குள் மருந்து முன்பக்கம் கிடந்தாலும் பின்பக்கம் கிடந்தாலும் வேகம் அதிகம் மாறாது என்பது அதன் சிறப்பு. நீண்ட .38 கூட்டில் கால்வாசிகூட நிரம்பாத மருந்து, துப்பாக்கியைத் தாழ்த்தித் தூக்கும்போது ஒரு பக்கமும் நிமிர்த்தி இறக்கும்போது இன்னொரு பக்கமும் ஓடும். வேகமானியை முன்னால் வைத்துச் சுட்டால் அந்த வித்தியாசம் எண்ணாகவே தெரியும். அதை டைட்குரூப் நன்றாகச் சமாளிக்கிறது. ஆனால் சூடாக எரியும்.

இந்த இரண்டையும் தொடக்கக்காரருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. காரணம் இரட்டை அளவு. கை தவறி ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து விழுந்தாலும் கூடு நிரம்பாது. மேலே குண்டு சாதாரணமாக உட்கார்ந்துகொள்ளும். அதைச் சுட்டால் ரிவால்வரின் உருளை பிளந்துவிடக்கூடும். சிக்கனம் என்று நாம் மெச்சும் அதே குணம்தான் இங்கே ஆபத்து.

யூனிக் வேறு ரகம். இதுவும் நூற்றாண்டு தாண்டியது. 1900-ஐ ஒட்டி வந்தது. பெயருக்கேற்ப இதைப் போல் எதற்கும் வளைந்துகொடுக்கும் மருந்து குறைவு. .38 ஸ்பெஷல், 9 மி.மீ., .45 ஏ.சி.பி., .45 கோல்ட், நடுத்தர வேக .357, .44 என்று நீளும் பட்டியலோடு, ஷாட்கன் தோட்டாக்களுக்கும் அளவுகள் அச்சில் உண்டு. ஈயக் குண்டுக்கும் செம்புறை போட்ட குண்டுக்கும் ஒத்துப்போகும். முக்கியமாக, எடைக்கு அதிக இடம் அடைக்கும். 9 மி.மீ. கூட்டில் இரட்டை அளவு விழுந்தால் வாய்வரை வந்தோ வழிந்தோ காட்டிக்கொடுத்துவிடும். .38-இலும் .45 கோல்ட்டிலும் வழியாது என்றாலும், மட்டம் உயர்ந்திருப்பது டார்ச் வெளிச்சத்தில் தெரியும்.

குறை இரண்டு. முதலாவது கரி. தாழ்ந்த அழுத்தத்தில் சுட்டால் ரிவால்வர் உருளையின் முகப்பெல்லாம் புகைக்கரி. தயாரிப்பாளர் பின்னாளில் இதைக் குறைத்தார்கள், முழுதும் போகவில்லை. இரண்டாவது, மருந்தை அளந்து கூட்டில் விடும் அளவுக் கருவியில் வரும் சிக்கல். யூனிக் பெரிய தட்டையான செதிலாக இருக்கும். நெம்புகோலை இழுக்கும்போது கருவியின் விளிம்பில் செதில்கள் மாட்டி 'கரக்' என்று அறுபடுவது கைக்கே தெரியும். அந்த இழுப்பில் விழும் அளவு கொஞ்சம் மாறும். நெம்புகோலை ஒரே வேகத்தில், ஒரே தட்டலோடு இழுத்துப் பழகியவருக்கு இது பெரிய தொல்லை இல்லை. புதியவர் சலித்துப்போவார்.

எச்.பி.-38 இந்தத் தொல்லையைத் தருவதில்லை. வின்செஸ்டர் 231 என்று இன்னொரு பெயரிலும் வருவது இதே மருந்துதான். இரண்டு டப்பாவையும் பக்கத்தில் வைத்து எது நல்லது என்று வாதாடுவது வீண், விலை குறைந்ததை வாங்குங்கள். தட்டையாக்கப்பட்ட சிறு உருண்டைகளாக இருப்பதால் அளவுக் கருவியில் கசகசா போல் வழுக்கி இறங்கும். வாங்கும் முன் நண்பர் ஒருவரின் கருவியில் சோதித்துப் பாருங்கள். பத்து முறை இழுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தராசில் வையுங்கள். யூனிக்கில் முள் அங்குமிங்கும் அலையும். இதில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். இந்தச் சீர்மை வசதிக்காக மட்டும் அல்ல. 9 மி.மீ. போன்ற சிறிய கூட்டில் ஒரு கிரெயினின் சில பத்தில் ஒரு பங்குகூட அழுத்தத்தை மாற்றும். ஒரு கிரெயின் என்பதே 0.065 கிராம்தான்.

எச்.பி.-38 எரிவேகத்தில் புல்ஸ்ஐக்கும் யூனிக்குக்கும் நடுவே நிற்கிறது. .38, 9 மி.மீ., .45 மூன்றிலும் இயல்பான வேகம் தரும். 9 மி.மீ.இல் உச்ச வேகம் வேண்டுமானால் பவர் பிஸ்டல் போன்ற மெதுவானவை முந்திவிடும், ஆனால் அதில் தீப்பிழம்பு பெரிது. இலக்குப் பலகையைத் துளைக்க உச்ச வேகம் தேவையே இல்லை. இரட்டை அளவு விஷயத்தில் எச்.பி.-38 யூனிக் அளவுக்குக் காட்டிக்கொடுக்காது. இதை மறக்கவே கூடாது. பின்லாந்தின் விக்டாவூரி என்.320-உம் நல்ல மருந்து. சுத்தமாக எரியும், போட்டியாளர்கள் விரும்புவார்கள். விலைதான் கையைக் கடிக்கும்.

விலையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம் என்பேன். ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெயின். தோட்டாவுக்கு 4 கிரெயின் என்று கணக்கிட்டால் ஒரு டப்பாவில் 1,750 வரும். 5 என்றால் 1,400. ஒரு தோட்டாவுக்குச் செலவில் வரும் வித்தியாசம் சில்லறை. குண்டும் பிரைமரும்தான் பணத்தைத் தின்பவை.

மேக்னம் தனிக் கதை. 1935-இல் வந்த .357-ஐயும் 1950களில் வந்த .44-ஐயும் முழு வேகத்தில் சுட, மெதுவாக எரியும் மருந்து நிறைய வேண்டும். 2400 அதற்கு நல்ல தேர்வு, அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் .44 மேக்னத்துக்கு வழி திறந்த கனமான .44 ஸ்பெஷல் தோட்டாக்களுக்குப் பயன்படுத்தியது அதைத்தான். அளவைக் கொஞ்சம் குறைத்தாலும் ஒத்துழைக்கும். எச்.110 அப்படியல்ல. அச்சிட்ட அளவிலிருந்து 3 சதவிகிதத்துக்கு மேல் குறைக்காதீர்கள் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார்கள். மற்ற மருந்தில் அளவைக் குறைத்தால் பாதுகாப்பு கூடும் என்று பழகிய கை, இதில் குண்டைக் குழலுக்குள்ளேயே சிக்கவைத்துவிடக்கூடும்.

எந்த மருந்தானாலும் சில பழக்கங்களை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். மேசைமேல் ஒரே ஒரு டப்பா. வேலை முடிந்ததும் கருவியில் மிஞ்சியது அதே டப்பாவுக்குத் திரும்பட்டும். கருவியிலேயே விட்டால் மறுநாள் அது என்ன மருந்து என்று யாருக்கும் தெரியாது, தெரியாத மருந்தை வீசி எறிவதைத் தவிர வழியில்லை. ஐம்பது கூடுகளைப் பலகையில் நிறுத்தி, குண்டை வைக்கும் முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றையும் பாருங்கள். மட்டம் உயர்ந்ததும் ஆபத்து, காலியானதும் ஆபத்து. அளவைத் தயாரிப்பாளர் வெளியிட்ட நடப்புக் கையேட்டிலிருந்து மட்டுமே எடுங்கள்; தொடக்க அளவில் ஆரம்பியுங்கள். டப்பாவைத் திறக்கும்போது புளித்த நெடியோ செம்பழுப்புத் தூசியோ தெரிந்தால் மருந்து கெட்டுவிட்டது. மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே வையுங்கள். இறுக மூடும் இரும்புப் பெட்டி பாதுகாப்பு என்று தோன்றும். தீ விபத்தில் அதுவே வெடிகுண்டாகும்.

என் முடிவு இது. மூன்று துப்பாக்கியும் ஒரு புதிய கையும் என்றால் எச்.பி.-38 அல்லது 231. பெரிய ரிவால்வர்களே அதிகம், பொறுமையும் உண்டு என்றால் யூனிக். மேக்னத்தை முழு வேகத்தில் சுடுகிறவர் கூடவே ஒரு டப்பா 2400 வாங்கிக்கொள்ளட்டும். 2020-க்குப் பிறகு வந்த தட்டுப்பாட்டில், நினைத்த பெயர் மாதக்கணக்கில் கடைக்கு வராமல் போனதைப் பலரும் பார்த்தார்கள். ஆகவே கடைக்குப் போகும் முன், உங்கள் குண்டின் எடைக்குக் கையேட்டில் அளவு உள்ள மருந்துகள் இரண்டு, மூன்றைக் குறித்துக்கொண்டு போங்கள். பட்டியலில் இல்லாத டப்பாவைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்காதீர்கள்.