இதயத்துக்குள் ஒரு சந்து வழி



விலங்கியல் பரீட்சையில் இதயத்தின் படம் வரைந்து நாலு அறை, வால்வு, பெருந்தமனி எல்லாம் குறிச்சிடுவோம். ஆனால் உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிற இதயத்துக்கு ரத்தம் எங்கிருந்து வருது? உள்ளே இருக்கிற ரத்தம் அந்தத் தடித்த சுவருக்குள் ஊறிப் போகாது. அதனால் பெருந்தமனி கிளம்புகிற இடத்திலேயே வலது, இடது என இரண்டு கரோனரி தமனிகள் பிரிகின்றன. உள் அகலம் 3, 4 மில்லிமீட்டர்தான். ஓய்வில் இருக்கும்போது இதயம் இறைக்கும் ரத்தத்தில் சுமார் 5 சதவீதம் இவற்றில் போகிறது. இவை குறுகினால் நெஞ்சுவலி, திடீரென்று அடைத்தால் மாரடைப்பு. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

எனக்குக் குழப்பம் வந்தது எங்க தாத்தாவோட ஆஞ்சியோகிராம் ரிப்போர்ட்டைப் பார்த்தப்போதான். வலது தமனி 100 சதவீதம் அடைப்பு! அப்புறம் எப்படி மனுஷன் தினமும் கடைத்தெருவுக்கு நடந்து போயிட்டு வர்றார்? டாக்டரிடமே கேட்டேன். "இடது பக்கத்துலேருந்து கொலாட்டரல் வந்து ரத்தம் கொடுக்குது தம்பி" என்றார்.

கொலாட்டரல் என்றால் பக்கக் குழாய். மெயின் ரோட்டை மறிச்சா பஸ்ஸைச் சந்து வழியா விடுவாங்களே, அது மாதிரி. இந்தச் சந்து புதுசா வெட்டினது இல்லை. ஒரு தமனியையும் இன்னொன்றையும் இணைக்கும் முடியளவு மெல்லிய குழாய்கள் பிறவியிலேயே உண்டு. இரண்டு முனையிலும் அழுத்தம் ஏறக்குறைய சமமாக இருப்பதால் அவற்றில் ஓட்டம் ரொம்பக் குறைவு. ஒரு தமனி குறுகினால் அதற்கு அப்பால் அழுத்தம் இறங்கும். உடனே நல்ல தமனியிலிருந்து ரத்தம் அந்தப் பக்கம் பாயும். பாயும் வேகத்தில் குழாயின் உட்சுவர் உரசப்பட்டு, அங்குள்ள செல்கள் தூண்டப்படும். வெள்ளையணுக்கள் வந்து ஒட்டும், தசை வளரும், குழாய் அகலமாகும். பதினோராம் வகுப்பு இயற்பியலில் வரும் பாய்சொய் சமன்பாட்டை இங்கே நினைச்சுப் பாருங்க. ஆரம் 2 மடங்கானால் ஓட்டம் 16 மடங்கு!

ஆனால் இதற்கு நாள், வாரக்கணக்கில் அவகாசம் வேணும். தாத்தாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமா அடைத்ததால் தப்பித்தார். பாதிதான் அடைத்திருந்த ஒரு குழாயில் கொழுப்புப் படிவு வெடித்து, ரத்தம் உறைந்து நிமிஷத்தில் மூடிக்கொண்டால் சந்து தயாராக இருக்காது. அப்போ காத்திருக்காமல் 108-க்குப் போன் பண்ண வேண்டியதுதான்.

இந்த இணைப்புகளை 1669-லேயே ரிச்சர்ட் லோயர் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதி வைத்துவிட்டார். 1881-ல் ஜெர்மனியின் கோன்ஹைம் நாய்களில் சோதித்துப் பார்த்து, அப்படி இணைப்பே கிடையாது என்றார். பலரும் அதை நம்பினாங்க. 1960-களில் ஃபுல்டன் என்பவர் இறந்தவர்களின் இதயங்களை எக்ஸ்ரே எடுத்து, நோயில்லாத இதயத்திலும் இணைப்பு உண்டு என்று காட்டினார். வேடிக்கை என்னன்னா, நாய்க்கு இவை பன்றியைவிட அதிகம். கினிப் பன்றிக்கோ ஒரு தமனியைக் கட்டினாலும் இதயத்தசை சாகாத அளவுக்கு இருக்கு! மனிதரில் ஆளுக்கு ஆள் மாறும்.

"சாமியே பைபாஸ் பண்ணி விட்டுட்டாரு, மாத்திரை எதுக்குடா?" என்றார் தாத்தா. அங்கேதான் எனக்குப் பயம். உட்கார்ந்திருக்கும்போது சந்து வழி போதும். மாடிப்படி ஏறும்போது இதயம் பல மடங்கு ரத்தம் கேட்கும், அப்போ பத்தாமல் நெஞ்சு வலிக்கும். அதைவிட முக்கியம், இப்போ இரண்டு பக்கத்துக்கும் இடது தமனி ஒன்றேதான் படியளக்குது. அதுவும் அடைத்தால் இரண்டும் சேர்ந்து பட்டினி. 6,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த 2012-ஆம் வருட ஆய்வில், கொலாட்டரல் நன்றாக உள்ளவர்களிடம் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. குறைவுதான், இல்லவே இல்லை என்பதல்ல. இதையெல்லாம் படம் போட்டுக் காட்டியதும் மாத்திரை டப்பாவை எடுத்து வரச் சொன்னார்.

ரிப்போர்ட்டில் சில சமயம் ரென்ட்ராப் என்று போட்டு 0 முதல் 3 வரை ஒரு எண் இருக்கும். 0 என்றால் சந்து வழி தெரியவில்லை. 3 என்றால் அடைப்புக்கு அப்பால் உள்ள குழாய் முழுவதும் நிரம்புகிறது. உங்க வீட்டில் யாருக்காவது ஆஞ்சியோகிராம் எடுத்திருந்தால், அந்த எண் என்ன என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்க.