எண்டெவரில் குனிந்து நடந்தபோது

சிட்னி டார்லிங் துறைமுகத்தில், ஆஸ்திரேலிய தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தை ஒட்டி எண்டெவர் நிற்கிறது. 1768-இல் ஜேம்ஸ் குக் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட கப்பலை அப்படியே பார்த்துக் கட்டியது. 1993-இல் ஃபிரிமாண்டிலில் கடலில் இறக்கினார்கள். சில நாட்கள் கடலோட்டத்துக்குப் போய்விடும் என்பதால், கப்பல் கரையில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

தகவல் பலகைகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் கப்பலை உடம்பால் அளந்து பாருங்கள். ஏணிகள் செங்குத்தானவை, ஏணியைப் பார்த்தபடி, இரு கையாலும் பிடித்துத்தான் இறங்க வேண்டும். தோள்பையும் வழுக்கும் செருப்பும் வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மேல்தளமே போதும். பாய்மரங்களையும் வடங்களையும் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும்.

கீழே மாலுமிகள் உண்ட மேசைகளுக்கு மேலேயே அவர்கள் தூங்கிய தூளிகள் தொங்குகின்றன. ஆளுக்கு 14 அங்குல அகலம். கப்பலில் இருந்தவர்களோ 94 பேர். அங்கிருந்து பின்பக்கம் போகப் போகக் கூரை இறங்கி, சுமார் நாலடி உயரத்துக்கு வந்துவிடுகிறது. இடுப்பை மடித்து நடந்தேன். அது சரக்கறை என்றுதான் நினைப்பீர்கள். அதிகாரிகள் தங்கிய இடம் அது! செல்வந்தரான தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் தன் குழுவோடு ஏறியதால், மேலே இருந்த நல்ல அறைகள் அவர்களுக்குப் போய்விட்டன. பணத்துக்கு அன்றிருந்த செல்வாக்கு முதுகு வலித்தபோது எனக்கு நன்றாகவே விளங்கியது.

தன்னார்வ வழிகாட்டிகளிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். புளிக்கவைத்த முட்டைக்கோஸை மாலுமிகள் தொட மறுத்தபோது, குக் அதை அதிகாரிகளின் மேசையில் தினமும் பரிமாறச் செய்தார். பெரியவர்கள் சாப்பிடுகிறார்களே என்று மாலுமிகளும் கேட்டு வாங்கத் தொடங்கினார்களாம். துபாயாவைப் பற்றியும் அவசியம் கேளுங்கள். தஹிதியில் ஏறிய இந்த வழிகாட்டி பசிபிக் தீவுகளுக்கு வரைபடம் தந்தவர்; நியூசிலாந்தில் மாவோரிகளோடு பேச முடிந்தது இவரால்தான். ஆனால் 1770 ஏப்ரல் 29 அன்று பாட்டனி விரிகுடாவில், கரையிறங்க விடாமல் எதிர்த்து நின்ற இரண்டு குவியகல் பழங்குடி ஆண்களின் மொழி அவருக்கும் புரியவில்லை. குக் துப்பாக்கியால் சுட்டார்.

அந்தக் கரை, கர்னல், சிட்னியின் தெற்கு விளிம்பிலேயே இருக்கிறது. கப்பலைப் பார்ப்பவர்கள் அங்கேயும் அவசியம் போய் வாருங்கள்.