முகத் தழும்பும் லேஸர் சிகிச்சையும்: டாக்டரிடம் கேட்க வேண்டியவை

முகப்பரு ஆறிய பின்னரும் குழி குழியாகத் தழும்பு நின்று விடுவதுண்டு. அம்மை வடுவும், அடுப்படியில் பட்ட தீக்காயமும் அப்படியே. பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, மறுமொழி சொல்லாமலே போய்விடும் வேதனை நம் வீடுகளில் புதிதன்று. இதனால் லேஸர் ஒளி கொண்டு தோலைச் சீர் செய்யும் சிகிச்சையை நாடி நம் மக்களும் தோல் டாக்டரிடம் செல்கின்றனர். இது கூடுமா? கூடுமெனில், முதல் நாள் ஆலோசனையில் எவற்றைச் சொல்ல வேண்டும், எவற்றைக் கேட்க வேண்டும்? இவற்றை இங்கே காண்போம்.

மார்க்கத்தின் நிலை

அர்ஃபஜா (ரலி) என்ற ஸஹாபி, குலாப் போரில் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் மூக்கு செய்து வைத்தபோது அது துர்நாற்றம் வீசிற்று. பொன்னால் செய்து கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவருக்குப் பணித்தார்கள். ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்டிருந்தும், குறையை நீக்குவதற்காக இச்சலுகை தரப்பட்டதை நாம் கவனிக்க வேண்டும்.

மறுபுறம், அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவோரையும் பச்சை குத்துவோரையும், அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவோர் என்று கண்டித்து, இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸும் உண்டு. இதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறைக்காகவோ தேவைப்பட்டால் குற்றமில்லை என்கிறார்கள்.

2007ஆம் ஆண்டு மலேஷியாவின் புத்ரஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் இவ்வழியிலேயே முடிவு செய்தது. நோய், விபத்து, தீக்காயம் ஆகியவற்றால் வந்த குறையை நீக்குவது ஆகும். நோயின்றி, வயதின் காரணமாக விழுந்த சுருக்கத்தை அறுவை, ஊசி ஆகியவற்றால் போக்குவது ஆகாது. ஆகவே டாக்டரிடம் செல்லுமுன், நாம் நீக்க விரும்புவது தழும்பையா, அல்லது அல்லாஹ் தந்த நிறத்தையும் வயதையுமா என்று நம் நிய்யத்தை நாமே சோதித்துக் கொள்ள வேண்டும்.

சிகிச்சையின் தன்மை

கரியமில வாயு லேஸரை, மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல் என்ற விஞ்ஞானி 1964இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார். தோலில் உள்ள நீர் இவ்வொளியை உறிஞ்சிக் கொதித்து ஆவியாகும். அதனுடன் மேல்தோலின் மெல்லிய படலமும் அகன்று விடும். பின்னர் புதுத்தோல் வளரும். 2004க்குப் பின் பரவிய முறையில், ஒளியைப் புள்ளி புள்ளியாகச் செலுத்தி, இடையிடையே நல்ல தோலை விட்டு வைக்கின்றனர். அதனால் புண் விரைவில் ஆறுகிறது. சுருங்கச் சொன்னால், இது வேண்டுமென்றே உண்டாக்கி ஆற்றும் புண்ணாகும். பூச்சு மருந்தைப் போல எளிதாக எண்ணி விடலாகாது.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

காயம் பட்டால் தழும்பு மேலெழுந்து தடித்து வளரும் இயல்பு உங்களுக்கு உண்டா? உதட்டோரத்தில் கொப்புளம் அடிக்கடி வருவதுண்டா? பருவுக்காக ஐஸோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டீர்களா? கர்ப்பம் உண்டா? புகைப் பழக்கம் உண்டா? இவை ஒவ்வொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முகம் வெளுக்குமென்று கடையில் வாங்கித் தடவிய களிம்பின் பெயரையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது தோலை மெலிவித்து விடும்.

பரு இன்னும் வந்து கொண்டிருந்தால், முதலில் அதை அடக்கிய பிறகே தழும்பைப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லலாம். பணத்தைப் பாராமல் திருப்பி அனுப்புகிறவர் நல்ல டாக்டரே.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

தழும்பு முற்றிலும் மறையுமா, குறையுமா? பெரும்பாலும் குறையுமே தவிர, அடியோடு மறைவதில்லை. எத்தனை முறை வர வேண்டும்? மொத்தச் செலவு எவ்வளவு? எத்தனை நாள் வீட்டில் இருக்க வேண்டும்? புள்ளி முறையில் ஏறத்தாழ ஒரு வாரத்திலும், முழுத்தோலையும் நீக்கும் முறையில் இரண்டு வாரங்கள் வரையிலும் மேல்தோல் மூடும். சிவப்பு மாறுவதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம்.

நம் போன்ற மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும், சிகிச்சைக்குப் பின் அவ்விடம் கறுத்துப் போகும் அபாயம் அதிகம். எனவே, “எங்கள் நிறத்தவருக்கு நீங்கள் செய்ததுண்டா? முதலில் காதோரம் சிறிய இடத்தில் செய்து பார்க்க முடியுமா?” என்று கேட்பது அவசியம். பல மாதங்கள் வெயிலைத் தவிர்க்க வேண்டியிருக்கும். ஹஜ், உம்ராவுக்குப் போகவிருப்போர் இதைக் கணக்கில் கொள்வார்களாக.

உளூவும் தொழுகையும்

பலரும் கேட்க மறந்து விடுவது இதுதான். பயணத்தில் தலையில் கல்பட்டுக் காயமடைந்த ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. உடனிருந்தோர் சலுகை இல்லை என்று கூற, அவர் குளித்து மரணமடைந்தார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள், தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்று கடிந்து கொண்டார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

ஆகவே டாக்டரிடம் இரண்டைத் தனித்தனியே கேளுங்கள். முகத்தில் தண்ணீர் எந்த நாளிலிருந்து படலாம்? எந்த நாளிலிருந்து தேய்க்கலாம்? ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் உளூவில் தேய்ப்பது பர்ளு அல்ல. தண்ணீர் முகமெங்கும் ஓடினால் போதும். அதற்கு டாக்டர் சம்மதித்தால் பிரச்சினை தீர்ந்தது.

தண்ணீரே கூடாதென்றால், ஹனஃபீகள் மற்ற உறுப்புகளைக் கழுவி, முகத்தை ஈரக் கையால் மஸ்ஹு செய்ய வேண்டும். அதுவும் தீங்கானால் கட்டின் மீது மஸ்ஹு செய்யலாம். அதற்கும் இயலாதபோது அது நீங்கி விடும். ஷாஃபிஈகள் நல்ல இடத்தைக் கழுவுவதுடன், கட்டு இருந்தால் அதை மஸ்ஹு செய்து தயம்முமும் செய்ய வேண்டும். முகம் தயம்முமுடைய உறுப்பாதலால், அதன் மேல் கட்டு இருக்கத் தொழுதவற்றைப் பின்னர் மீட்டித் தொழ வேண்டும். பச்சைப் புண்ணில் புழுதி படுவது ஆபத்து. அந்நிலையில் என்ன செய்வதென்று சிகிச்சைக்கு முன்பே தம் ஊர் ஆலிமிடம் கேட்டு வைத்துக் கொள்க. எக்காரணத்தாலும் தொழுகையை விடலாகாது.

ஸுஜூதில் நெற்றி அழுந்தக் கூடாதென்று டாக்டர் தடுத்தால், இயன்ற அளவு குனிந்து சைகையால் செய்யலாம். பெண்கள் ஹைளு தொடங்கும் நாளை ஒட்டிச் சிகிச்சையை வைத்துக் கொண்டால் இச்சிரமம் பெரிதும் குறையும். ஆனால் கடமையான குளிப்பு வரும் நாளில் முகத்தில் தண்ணீர் படலாமா என்பதையும் கேட்டுக் கொள்ளவும்.

பெண்களின் கவனத்திற்கு

பெண் டாக்டரைத் தேடுவதே முறை. கிடைக்காதபோது, மஹ்ரமான ஒருவர் உடனிருக்க, தேவையான அளவு மட்டுமே காட்ட வேண்டும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுப்பது வழக்கம். அது யாரிடம் இருக்கும், விளம்பரத்தில் வருமா என்று கேளுங்கள். சம்மதப் பத்திரத்தை வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். விளம்பரத்திற்குச் சம்மதமில்லை என்று எழுதித் தருவது உங்கள் உரிமை.

முடிவு

ஆலோசனைக்குச் சென்றதாலேயே சிகிச்சை செய்து கொள்ள வேண்டுமென்பதில்லை. அன்றே பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்தினால் எழுந்து வந்து விடுங்கள். வட்டிக்குக் கடன் வாங்கித் தழும்பை நீக்குவது, தோலின் மாசைப் போக்கி ஆன்மாவில் மாசு ஏற்றுவதாகும். வீட்டாருடன் கலந்து பேசி, இஸ்திகாராத் தொழுது முடிவு செய்க.

பெற்றோருக்கும் ஒரு சொல். மகளின் முகத்தை எடுத்ததற்கெல்லாம் குறை சொல்லிவிட்டு டாக்டரிடம் அழைத்துச் செல்லாதீர்கள். அவள் விரும்பினால் துணை நில்லுங்கள். விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். தழும்பைக் காரணம் காட்டிப் பெண்ணை மறுக்கும் மாப்பிள்ளை வீட்டார், தம் வீட்டுப் பெண்மக்களையும் நினைத்துப் பார்ப்பார்களாக!

வல்ல அல்லாஹ் நம் நோய்களுக்கு நிவாரணமும், நம் உள்ளங்களுக்கு அழகும் தந்தருள்வானாக! ஆமீன்.